ஜப்பானியப் பூ அலங்காரக் கலையான இகெபனா கற்க எவ்வளவு நாள் ஆகும்? காசு கட்டிக் கற்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

"மூணு கொம்பைத் தட்டில் குத்தி வைக்க ஒரு வகுப்பா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணவர் வேலைக்காக ஜப்பான் வந்து, பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தோக்கியோ நிஷிகசாய்க்கு வந்தேன்.

அடிப்படை வடிவத்தை முதல் நாளே வைத்துவிடலாம். நான் கற்பது 1927இல் சோஃபு தெஷிகஹரா தொடங்கிய சோகெட்சு முறை. தட்டின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி, அதற்கு ஒன்றரை மடங்கு நீளத்தில் முதல் கொம்பு, ஷின். அதில் முக்கால் பங்கு சொயெ. மூன்றாவது ஹிகாயெ, இன்னும் குட்டை. சாய்வுக்கும் அளவு உண்டு. அளவு தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நாலைந்து வகுப்பு போயிருப்பேன். அன்று கமீலியாக் கிளை. ஒரு பூ, இரண்டு மொட்டு, மீதியெல்லாம் இலை. அளந்து வெட்டி, கொம்பை நிறுத்தும் ஊசிக் கட்டையான கென்ஸானில் குத்தி, காலியாகத் தெரிந்த இடத்தையெல்லாம் இலையால் அடைத்தேன். கதம்பத்தில் நார் தெரிந்தால் திட்டு வாங்கி வளர்ந்த கை. சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஒன்றும் பேசாமல் பூவை மறைத்த ஓர் இலையைக் கத்தரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னொன்று. பதினோரு இலை போனது, எண்ணினேன். பன்னிரண்டாவதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் கத்தரியை என்னிடம் கொடுத்தார். அதை வெட்டியதும் கொம்பு அடியிலிருந்து நுனிவரை ஒரே வளைவாக எழுந்து நின்றது. அந்தப் பன்னிரண்டாவது இலை யாரும் காட்டாமலே என் கண்ணில் பட வேண்டும். மூன்றாவது வருஷம் ஓடுகிறது, இப்போதுதான் சில நாள் படுகிறது. நான் காசு கட்டுவது இதற்குத்தான்.

நம் ஊர்ப் பூத்தொடுப்பை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அம்மா தொடுக்கும் மல்லிகைச் சர நெருக்கம் எனக்கு இன்றுவரை வராது. மதத்தையும் இழுக்காதீர்கள். புத்தருக்குப் பூ வைத்ததிலிருந்து வளர்ந்த கலைதான், கியோட்டோவின் ரொக்ககுதோ கோயில்தான் இகெனோபோ என்ற பழைய இகெபனா மரபுக்குத் தாய்வீடு. ஆனால் என் வகுப்பில் யாரும் யாரையும் கும்பிடச் சொன்னதில்லை.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருஷம் ஊரிலிருந்து திரும்பும்போது, விமான நிலையச் சோதனையில் என் கென்ஸானை எடுத்துக்கொண்டார்கள். கனமான ஈய அடியில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நட்டது அது. ஊசி இருப்பதால் விதிப்படி சரியாகவே இருக்கலாம். "பூ குத்தவா? இதுக்கா ஜப்பான் போனீங்க?" என்று வரிசையே பார்க்கச் சிரித்தது எந்த விதி? சம்பளம் வாங்காத பெண் எதைக் கற்றாலும் பொழுதுபோக்கு என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்? அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் இதே கேள்வியை வாங்கியிருக்கிறேன்!

கட்டணத்தோடு பூவுக்கும் பெரும்பாலும் தனியாகக் காசு கட்ட வேண்டும். பூவை வீட்டுக்கு எடுத்து வந்து, தண்டைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டி, மறுபடி வைத்துப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் கேட்டுப் போங்கள். கென்ஸான் கனமானதாக வாங்குங்கள், லேசானது கொம்போடு சாய்ந்துவிடும். ஊருக்குக் கொண்டுபோனால் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் சரக்காகப் போடும் பெரிய பெட்டியில் போடுங்கள்.