முகமில்லாதவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஜான் பார்க்கரின் ‘டிமென்ஷியா’வைத் தேடிப் பார்த்தேன். பேச்சே இல்லாத படம் என்றீர்கள். எனக்குக் கிடைத்த பிரதியிலோ ஓர் ஆண்குரல் ஓயாமல் பேசுகிறது. கல்லறைத் தோட்டத்தில் அப்பா அம்மாவைச் சுடுகிறார், மகள் அப்பாவைக் குத்துகிறாள். அத்தனைக்கும் காரணம் சொல்லியாகிவிட்டது. ஃப்ராய்டு கோனார் உரை மாதிரி இருந்தது. இதில் என்ன கண்டீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு அகப்பட்டது ‘டாட்டர் ஆஃப் ஹாரர்’. 1953இல் நியூயார்க் தணிக்கையாளர்கள் தடுத்து, 1955இல்தான் திரைக்கு வந்த படம். 1957இல் வேறு ஆட்கள் பெயரை மாற்றி, எட் மெக்மஹோன் என்ற அறிவிப்பாளரின் குரலை ஒட்டவைத்து மறுபடி வெளியிட்டார்கள். ‘தி பிளாப்’ என்ற திகில் படத்தில் தியேட்டருக்குள் ஓடுவதும் இந்தப் பிரதிதான். எனக்கே அங்கேதான் அறிமுகம். பார்க்கர் எடுத்ததில் ஜார்ஜ் ஆன்டைலின் இசை உண்டு, மார்னி நிக்சனின் சொல்லில்லாத பாட்டுக்குரல் உண்டு. வசனம் கிடையாது.

படத்தின் நாயகிக்குப் பெயரும் கிடையாது. மலிவான ஓட்டல் அறையில் விழிக்கிறாள், மடக்குக்கத்தியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். யார் இவள் என்று நாம் தவிக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் கதை சொல்வதுபோல அந்தக் குரல் எல்லாவற்றையும் சொல்லித் தொலைக்கிறது.

கல்லறைக் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. கல்லறைகளுக்கு நடுவே வீட்டுச் சாமான்களைப் போட்டு விளக்குவது பாடம்தான். ஆனால் அப்பாவாக வருபவரே போலீஸ்காரராகவும் வருகிறாரே, கவனித்தீர்களா? ஒரே நடிகர், பென் ரோஸ்மன். அதை யாரும் விளக்கவில்லை. அவள் ஓட ஓட அதே முகம் துரத்துகிறது.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறோர் இடம். அவள் குத்தியதில் மாடியிலிருந்து விழுந்த பணக்காரனின் பிடியில் அவளுடைய பதக்கம். விரல்கள் பிரியவில்லை. கையையே அறுக்கிறாள். சுற்றி நின்று பார்ப்பவர்களுக்கு முகமே இல்லை. பெயரில்லாத ஒருத்தியை முகமில்லாதவர்கள் பார்க்கிறார்கள். இதற்கு எந்த அப்பா அம்மா கதையும் விடை ஆகாது.

நாயகி ஏட்ரியன் பேரெட் பார்க்கரிடம் செயலாளராக இருந்தவர், ஏட்ரியன் கண்ட கனவே படத்தின் வித்து என்பார்கள். கனவுக்கு யார் பின்னணிக் குரல் கொடுப்பது?

குரல் இல்லாத பிரதியைத் தேடுங்கள், ஒரு மணி நேரம்கூட ஓடாது. அதுவரை கையிலிருப்பதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மார்னி நிக்சனும் போய்விடுவார்.