குழந்தைக்குக் குவில்ட், நமக்கு உள்பாவாடை: தையல் கேள்வி பதில்

வேலூரில் முப்பது வருடமாகத் தைக்கிறேன். பெரிய கடை எதுவும் இல்லை. வீட்டு முன் அறையில் ஒரு கால் மெஷின், அக்கம்பக்கத்துத் துணி, அவ்வளவுதான். குவில்ட் (துணிகளை அடுக்கித் தைக்கும் விரிப்பு) மாதிரிக் குழந்தைத் துணி பற்றியும், வீட்டிலேயே உடை தைக்கப் பழகுவது பற்றியும் சுற்று ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குக் கைவந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடி: அக்கா, என் தங்கைக்கு ஏப்ரல் கடைசியில் குழந்தை பிறக்கப்போகிறது. நானே ஒரு குவில்ட் தைத்துக் கொடுக்க ஆசை. உள்ளே என்ன பஞ்சு வைக்கலாம்?

பஞ்சே வேண்டாம் மா. குழந்தை பிறந்த கையோடு நம் ஊரில் கத்திரி வெயில் ஆரம்பித்துவிடும். கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும், உள்ளே ஈரம் காயாமல் வாடை வரும். குழந்தை ஒரு நாளைக்குப் பத்து தடவை நனைக்கிற துணி அது. தினமும் அலசி, மத்தியானத்துக்குள் காய வேண்டும்.

அதனால் பழைய பருத்திப் புடவைதான். உங்கள் அம்மாவுடையது இருந்தால் இன்னும் நல்லது. பல வருடம் துவைத்த பருத்தி அளவுக்குப் புதுத்துணி எதுவும் மெத்தென்று இருக்காது. ஐந்தரை மீட்டர் புடவையை 40 அங்குலமாக வெட்டினால் ஐந்து துண்டு கிடைக்கும். வெட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை விட்ட இடம் கண்ணாடி மாதிரி தெரியும். அங்கே இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுங்கள். பர்ரென்று கிழிந்தால் அந்தப் பகுதி கரித்துணிக்குப் போகட்டும். சரிகைக் கரை இருந்தால் முழுதாக வெட்டி எடுத்துவிடுங்கள், குழந்தைத் தோலைக் கீறும்.

மூன்று துண்டு உள்ளே, ஒன்று அடியில், மேலே உங்கள் ஒட்டுத்துணி. மிச்சமிருக்கும் ஐந்தாவது துண்டில் ஜப்லா (கைக்குழந்தைச் சட்டை) தைக்கலாம். எல்லாவற்றையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நான்கு விரல் இடைவெளியில் பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தொடங்கினால் துணியெல்லாம் நடுவில் வந்து புடைத்து நிற்கும். அப்புறம் கையாலேயே ஒரு அங்குலத்துக்கு ஒரு வரிசை ஓட்டுத்தையல். வங்காளத்தில் காந்தா என்றும் கர்நாடகத்தில் கவுதி என்றும் பழைய புடவைகளை அடுக்கி இப்படித்தான் தைக்கிறார்கள். ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்.

சத்துவாச்சாரி: மேலே சதுரம் சதுரமாக வைக்க எவ்வளவு துணி வேண்டும்?

36 அங்குலக் குவில்ட் என்றால் 6 அங்குலச் சதுரம் 36 வேண்டும். இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குப் போவதால் ஆறரையாக வெட்டுங்கள். 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்குச் சரியாக 36 சதுரம் வரும். ஆனால் நனைத்தால் சுருங்கும், ஒன்றேகால் மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் துண்டுத்துணி இருந்தால் வாங்கவே வேண்டாம். பலமுறை துவைத்த குடியாத்தம் லுங்கிகூட அழகாக இருக்கும்.

கால் அங்குலத் தையலில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். ஒவ்வொரு தையலும் இரண்டு இழை தள்ளிப் போனால், ஆறு சதுரம் சேர்ந்த வரிசையில் கால் அங்குலம் போலக் காணாமல் போகும். அப்புறம் வரிசைக்கு வரிசை மூலை பொருந்தாது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மெஷின் தகட்டின் மேல் மருந்து பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். துணி ஓரம் அதைத் தொட்டுக்கொண்டே போனால் போதும்.

ஆம்பூர்: புதுத்துணியை நனைக்காமல் தைத்தால் என்ன?

நான் செய்த தப்பு அது. அக்கா பேரனுக்காக வெள்ளையும் சிவப்புமாக மாற்றி மாற்றி வைத்து இருபது நாள் கையால் தைத்தேன். முதல் தடவை அலசியதும் வெள்ளையெல்லாம் ரோஸ் நிறம். அதோடு சிவப்பு சுருங்கி, வெள்ளை புடைத்துக்கொண்டது. அன்றைக்கு அழுதே விட்டேன்.

கல்லுப்பில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். இப்போதைய சாயத்துக்கு அது உதவாது. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை பிடித்தால் அந்தப் புதுத்துணி குழந்தைக்கு ஆகாது.

வாணியம்பாடி: ராத்திரி குழந்தையைக் குவில்ட்டால் போர்த்தித் தூங்க வைக்கலாமா?

ஒரு வயது வரைக்கும் வேண்டாம். முகத்தில் ஏறினால் சின்னக் குழந்தையால் தள்ளிவிட முடியாது, மூச்சு முட்டும். குழந்தை நல மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணையோ மெத்தென்ற போர்வையோ பக்கத்தில் இருக்கக் கூடாது. தூளிக்குள்ளும் மடித்துத் திணிக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்துக் கை காலை ஆட்டி விளையாட விடுங்கள். அதற்குத்தான் அது. தங்கைக்குத் தைத்துக் கொடுக்கிறவர்களும் இதைச் சொல்லியே கொடுங்கள்.

குடியாத்தம்: அடியில் நூல் சுருள் சுருளாக வருகிறது. பாபினை மாற்றியும் போகவில்லை.

அடியில் சுருண்டால் கோளாறு மேல் நூலில். ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை) தூக்கி வைத்து மறுபடி நூல் கோத்துவிடுங்கள். தூக்காவிட்டால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் அது இறங்காது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள். நூல் நுழைகிற பக்கம்தான் ஊசியின் நீளப் பள்ளக்கோடு இருக்க வேண்டும். மெல்லிய மல் துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, குவில்ட் மாதிரி அடுக்குக்கு 16.

அணைக்கட்டு: மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது, பிசுக்காகிச் சக்கரமே இறுகிவிடும். மெஷின் எண்ணெய் மட்டும்.

ராணிப்பேட்டை: எனக்கு 42 வயது. ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இனிமேல் முடியுமா?

ஏன் முடியாது? ஆனால் ஜாக்கெட்டில் ஆரம்பிக்காதீர்கள். பாதிப் பேர் அதனாலேயே மெஷினை மூடி வைத்துவிடுகிறார்கள். முதலில் கோடு போட்ட நோட்டுத் தாளில் நூல் இல்லாமல் ஓட்டுங்கள். துளைகள் கோட்டின் மேலேயே விழும்வரை துணியைத் தொட வேண்டாம். இதற்கு மட்டும் பழைய ஊசி வையுங்கள், தாள் ஊசியை மழுக்கிவிடும். பிறகு தலையணை உறை, அடுத்து ஆறு துண்டு உள்பாவாடை. நேர்த்தையல், சாய்வுத்தையல், நாடாப் பட்டி மூன்றும் அதிலேயே பழகிவிடும். நீங்களே கட்டுவதால் கோணல் இருந்தாலும் வெளியே தெரியாது. குழந்தைப் பாவாடை அடுத்து. இடுப்பளவைப் போல இரண்டரை மடங்கு துணி எடுத்துக் கொசுவம் பிடித்தால் நன்றாக விரியும். இவ்வளவும் வந்த பிறகு, நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல் பிரித்து, பிரவுன் தாளில் வைத்து வரைந்து பாருங்கள். கை எப்படி வளைகிறது, டாட் (உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்பு) எங்கே முடிகிறது என்று அதுவே காட்டும்.

ஆற்காடு: அளவெல்லாம் சரி, ஆனாலும் கழுத்து அகன்று தோளில் இறங்குகிறது.

கழுத்து வளைவு சாய்வு இழையில் வருவதால் கை பட்டாலே இழுபடும். வெட்டியவுடன், வேறு எதையும் சேர்ப்பதற்கு முன், ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய பட்டி) வைக்கும்போது கழுத்தை இழுக்காமல், பீஸை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தையுங்கள்.

வாலாஜாபேட்டை: எனக்கு முதல் குழந்தை பிறக்கப்போகிறது. ஆண்பிள்ளை நான் ஜப்லா தைக்கிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

கடைத்தெருவில் ஜாக்கெட் தைப்பவர்களில் பாதிப் பேர் ஆண்கள்தானே தம்பி, தாராளமாகத் தையுங்கள். ஜப்லாவில் பட்டன் வேண்டாம், பிய்ந்தால் வாயில் போட்டுக்கொள்ளும். பக்கவாட்டில் கட்டுகிற மாதிரி அதே துணியில் நாடா வையுங்கள். ஒவ்வொன்றும் ஆறு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம், கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது. தையல் மடிப்பு எல்லாம் வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே தோலில் படுவது வெறும் துணியாக இருக்க வேண்டும். ஆறு ஏழு தைத்து வையுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு நாள் துணி காயாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம்.