வாசகர் கேள்வி-பதில்: மகனை ஃபுட்டிக்கு அனுப்பலாமா?

செப்டம்பர் வந்தால் மெல்பனில் வேறு பேச்சு கிடையாது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியக் கால்பந்தான ஃபுட்டியைப் பற்றித்தான். எங்கள் வட்டாரக் கிளப்பில் இருபது வருஷம், சனிக்கிழமை தவறாமல், பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றி, தண்ணீர் பாட்டிலோடு மைதானத்துக்குள் ஓடியவன் நான். அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன். வட்டார அணியின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இனி ஏ.எஃப்.எல். என்ற தேசிய லீக்தான் என் தொழில், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் எதற்கு என்கிறான். விடலாமா ஐயா?*
— ஒரு தாய், டான்டினாங்

விடுங்கள் அம்மா. அந்தத் தேர்வுக்குக் கூப்பிடுவதே சின்ன விஷயமில்லை. போகாமல் வீட்டில் உட்கார வைத்தால், நாற்பது வயதிலும் அதை நினைத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் மதிப்பெண் எதற்கு என்கிறானே, அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏ.எஃப்.எல். கிளப்புகள் புதுப் பையன்களின் பெயரை வாசித்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் நடப்பது நவம்பரின் பின்பாதியில். அதற்குள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஏறக்குறைய முடிந்துவிடும். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டிய அவசியமே இல்லை. இதை அவனிடம் தேதியோடு எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் கணக்கையும் சொல்லுங்கள். மொத்தம் 18 கிளப். ஒவ்வொன்றிலும் நாற்பது பேருக்குக் கொஞ்சம் மேலே. நாடு முழுக்கச் சேர்த்தாலும் எண்ணூறு பேர் அளவில்தான் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். எந்தக் கிளப்புக்குப் போவது என்பதும் பையன் கையில் இல்லை. அந்த வருஷம் கடைசியில் வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு, அப்படியே வரிசையாக மேலே போகும். டான்டினாங் பையனின் பெயரைப் பெர்த்தில் இருக்கும் கிளப் வாசித்தால், சில நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான். பதினெட்டு வயதில், அம்மா சமையல் இல்லாமல், முன்பின் தெரியாத வீட்டில். திறமை இருந்தும் வீட்டு நினைப்பில் வாடித் திரும்பி வந்தவர்கள் உண்டு. இதற்கு அவன் மனசளவில் தயாரா என்று கேளுங்கள்.

முதல் ஒப்பந்தம் பொதுவாக இரண்டு வருஷம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு மூன்று. அதற்குள் தன்னை நிரூபிக்க வேண்டும். சம்பளம் நல்ல சம்பளம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செய்தித்தாளில் வருவது நட்சத்திரங்களின் தொகை. இரண்டு வருஷத்தில் கழித்துவிடப்படும் பையன் அந்தப் பக்கங்களில் வருவதே இல்லை. நிலைத்து நின்றவர்களுக்கும் முடிவு அவர்கள் கையில் இல்லை. நார்த் மெல்பனின் பிரென்ட் ஹார்வி 432 ஆட்டம் ஆடினார். 2016-இல், 38 வயதில், இன்னும் ஆட முடியும் என்றுதான் இருந்தார். அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்று கிளப் சொல்லிவிட்டது. அவருக்கே அப்படி.

ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கிளப் பையன், பதினேழு வயது. ஜூலை மாதம், தூறல், மைதானத்தின் நடுவில் சேறு. ஏ.எஃப்.எல். கிளப்காரர்கள் இரண்டு பேர் அவனைப் பார்க்கவே வந்து வேலியோரம் நின்றார்கள். பந்தைத் துரத்திப் போனவன் சட்டென்று இடப்பக்கம் திரும்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. பாதம் சேற்றில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ‘டப்’ என்று ஒரு சத்தம், எல்லைக்கோட்டில் நின்ற எனக்கே கேட்டது. ஓடிப் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டேன். அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரம் ஆடலாமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. முழங்கால் மூட்டைத் தாங்கும் ஏ.சி.எல். என்ற நார் அறுந்திருந்தது. ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து நன்றாகவே ஆடினான், ஆனால் டிராஃப்டில் யாரும் பெயர் வாசிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் விடாமல் முடித்திருந்தான். இன்று எலக்ட்ரீஷியன், சொந்த வேன் வைத்திருக்கிறான். சனிக்கிழமைகளில் இன்னும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறான்.

*கேள்வி: ஒரு கோலுக்கு ஏன் ஆறு புள்ளி? நான்கு கம்பம் எதற்கு?*
— புதிதாக வந்தவர், க்ளென் வேவர்லி

நடுவில் இருக்கும் உயரமான இரண்டு கம்பங்களுக்கு இடையே காலால் உதைத்து, யார் மேலும் படாமல் போனால் ஆறு. உயரமான கம்பத்துக்கும் பக்கத்துச் சின்னக் கம்பத்துக்கும் நடுவே போனால் ஒன்று. ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

*கேள்வி: ஏ.சி.எல். போனால் ஆட்டக்காரனின் கதை முடிந்தது என்கிறார்களே, உண்மையா?*
— மாணவர், வாண்டர்னா

இன்றைய அறுவை சிகிச்சையில் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் லேசாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. சிட்னி ஸ்வான்ஸின் அலெக்ஸ் ஜான்சன் 2012-இல் இருபது வயதில், சீசனின் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலை ஜெயித்தவர். அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே முழங்கால் போனது. அறுவை, பயிற்சி, மறுபடி அறுந்தது, மறுபடி அறுவை. அதே முழங்காலுக்கு ஐந்து முறை. 2018-இல்தான் திரும்பி வந்தார். அன்று அரங்கமே எழுந்து நின்றது. இரண்டாவது ஆட்டத்தில் இன்னொரு முழங்கால் போனது. அந்தச் செய்தி கேட்ட இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கேப்டன் பாப் மர்பியின் கதை வேறு மாதிரி. 2016 சீசனின் மூன்றாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அந்த வருஷம்தான் அவர் அணி கிராண்ட் ஃபைனலுக்குப் போனது, 1954-க்குப் பிறகு முதல் தடவையாகக் கோப்பையும் வென்றது. அத்தனை வருஷம் அந்த ஜெர்சிக்காக உழைத்தவர் அன்று ஓரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் மேடையேறித் தன் பதக்கத்தை வாங்கினார், மர்பியை மேலே கூப்பிட்டார், அதைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். மர்பிக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை. டிவி முன்னால் இருந்த எங்களுக்கும்தான். அடுத்த வருஷம் அவர் திரும்பி வந்து ஆடி, 312 ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார்.

*கேள்வி: உங்கள் மனசுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார்?*
— வாசகர், ஸ்பிரிங்வேல்

ஜிம் ஸ்டைன்ஸ். யோசிக்கவே வேண்டாம்.

டப்ளினில் பிறந்து வளர்ந்தவர். இந்த ஆட்டத்தையே ஆடியதில்லை. ஐரிஷ் பையன்களைக் கொண்டுவந்து பழக்கிப் பார்க்கலாம் என்று மெல்பன் கிளப் தேடியபோது, 1984-இல் பதினெட்டு வயதில் இங்கே வந்தார். உருண்டைப் பந்தில் வளர்ந்தவனுக்கு முட்டை வடிவப் பந்து. தரையில் குத்தினால் எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாது.

1987 செப்டம்பர், வேவர்லி பார்க்கில் ஹாதோர்னுடன் பிரிலிமினரி ஃபைனல், ஜெயித்தால் கிராண்ட் ஃபைனல். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம், கூட வேலை செய்தவர் டிக்கெட் கொடுத்துக் கூட்டிப் போனார். மெல்பன் 1964-க்குப் பிறகு கிராண்ட் ஃபைனலைப் பார்த்ததில்லை. ஆட்டம் முடிகிற நேரம் அவர்கள்தான் முன்னால். எதிரணியின் பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக், ரொம்பத் தூரம். அப்போது ஸ்டைன்ஸ் அவருக்குக் குறுக்கே ஓடிவிட்டார். அது தப்பு என்பது அந்த நொடியில் அவருக்கு உறைக்கவில்லை. நடுவர் பந்தைப் பதினைந்து மீட்டர் முன்னால் கொண்டுபோனார். சைரன் அடித்த பிறகு பக்கனாரா உதைத்தார், கோல். இரண்டு புள்ளியில் தோல்வி. மெல்பனின் பெரிய ஆட்டக்காரர் ராபர்ட் ஃப்ளவருக்கு அதுதான் கடைசி ஆட்டம். எனக்கு முன் வரிசையில் சிவப்பும் நீலமும் போர்த்திய ஒரு பெரியவர், கூட்டம் கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

இருபத்தொரு வயதுப் பையன். இனி இவன் தலைகாட்ட மாட்டான் என்றுதான் நினைத்தேன். அவர் அதே வருஷம் தொடங்கிய ஓட்டத்தை 1998 வரை நிறுத்தவே இல்லை: இடைவிடாமல் 244 ஆட்டம். அந்தச் சாதனையை 2025 வரை யாரும் தாண்டவில்லை. 1991-இல் ஆட்டத்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம். ஆடிக்கொண்டிருக்கும்போதே, வழி தெரியாமல் தவிக்கும் இளம்பிள்ளைகளுக்காக நண்பர் ஒருவருடன் சேர்ந்து ரீச் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2008-இல் கடனில் மூழ்கிக் கிடந்த அதே கிளப்புக்குத் தலைவரானார். அடுத்த வருஷமே புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவிலும் வேலையை விடவில்லை, கடன் அடைந்தது. 2012 மார்ச்சில், 45 வயதில் போய்விட்டார். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.

2021-இல் மெல்பன் 57 வருஷத்துக்குப் பிறகு கோப்பை வென்றபோது, அந்த முன்வரிசைப் பெரியவர் இருந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

*கேள்வி: என் மகள் ஆஸ்கிக் என்ற சிறுவர் ஃபுட்டிப் பயிற்சிக்குப் போகிறாள். பெண்களுக்கும் இதில் தொழில் உண்டா?*
— ஒரு தந்தை, க்ரான்பர்ன்

உண்டு. பெண்களுக்கான லீக், ஏ.எஃப்.எல்.டபிள்யூ., 2017-இல் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கே மைதானம் நிரம்பி, வெளியே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். சம்பளம் இன்னும் ஆண்கள் பக்கத்தில் வரவில்லை. பலர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். இது மாற வேண்டும். எரின் ஃபிலிப்ஸைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். சின்ன வயதில் பையன்களோடு ஆடியவர், வளர்ந்த பிறகு பெண்களுக்கு வழி இல்லாததால் கூடைப்பந்துக்குப் போய் அமெரிக்கா வரை ஆடிவிட்டு, முப்பதைத் தாண்டியபின் ஃபுட்டிக்குத் திரும்பி வந்தார். 2019 கிராண்ட் ஃபைனலில் முழங்கால் போய் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனபோது, அடிலெய்ட் ஓவலில் ஐம்பத்து மூவாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உங்கள் மகளுக்குச் சரியான அளவில் ஷூ வாங்கிக் கொடுங்கள். பெரிதாக வாங்கி இரண்டு வருஷம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் கிளப்பில் நான் டேப் சுற்றிய கணுக்கால்களில் பாதி, அப்படி வாங்கிய ஷூவால் பிசகியவை.