வாங்கலாமா, வேண்டாமா? இந்த முறை பானை, வாளி, போத்தல்

கே: வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். பிளாஸ்ரிக் வாளியும் பழைய பானையும்தான் இருக்கின்றன. 150 டொலர் ஒதுக்கியிருக்கிறேன். அடி கூம்பிய ஸ்ரீல் நொதிப்புக் கலன் ஒன்று தள்ளுபடியில் வந்திருக்கிறது. வாங்கவா? (ஸ்காபரோ, கனடா)

ப: வேண்டாம். வாளியில் நொதித்ததையும் அந்தக் கலனில் நொதித்ததையும் கண்ணைக் கட்டிக் குடிக்கத் தந்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. பியரைக் கெடுப்பது சூடு. ஏல் என்ற வகைப் பியருக்கான சாதாரண ஈஸ்ற்றுக்கு 18 முதல் 20 பாகை போதும். நொதிக்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் வாளிக்குள் இருப்பது அறையைவிடச் சில பாகை கூடுதலாகச் சூடேறும். அதில்தான் வேண்டாத வாசமெல்லாம் வருகிறது.

வாளியை உள்ளே வைக்க, ஓடுகிற பழைய பிரிட்ஜ் ஒன்றும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றும் தேடுங்கள். அதன் உணரியைக் காற்றில் தொங்கவிட வேண்டாம். வாளியின் பக்கத்தில் வைத்து, மேலே ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்றை அழுத்தி, ஒட்டுநாடா சுற்றுங்கள். இல்லாவிட்டால் அது பிரிட்ஜின் காற்றைத்தான் அளக்கும். காசு மிஞ்சினால் பெரிய பானை. 20 லீற்றர் காய்ச்ச 30 லீற்றர் பானையாவது வேண்டும், பொங்கும். வாளியின் உட்புறம் கீறியிருந்தால் புதிது வாங்குங்கள், கீறலுக்குள் கிருமி குடியிருக்கும்.

கே: பியர் காய்ச்சும் செட் ஒன்றை ஒன்லைனில் எடுத்து வீட்டுப் பாவனைக்குக் காய்ச்சலாமா? (நெல்லியடி)

ப: கனடாவில் விடுகிறார்கள், இங்கே இலங்கையில் விடமாட்டார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சுவது மதுவரிச் சட்டப்படி குற்றம். செட் விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

கே: கொதித்து இறக்கியதும் நீரமானியை (பியரின் அடர்த்தியை அளக்கும் மிதவை) விட்டால் குறைவாகக் காட்டுகிறது. பழுதா? (ஹரோ, லண்டன்)

ப: ஆற விடுங்கள். பெரும்பாலான நீரமானிகள் 20 பாகைக்கு அளவு குறித்தவை. 20 பாகையில் சுத்தமான தண்ணீரில் 1.000 காட்டினால் அது நல்ல சாமான்.

கே: நெல்லி ரசம் கொஞ்சம் பெரிய அளவில் போட யோசனை. நீலப் பிளாஸ்ரிக் பரல் (பீப்பாய்) ஒன்று மலிவாக வருகிறது, கழுவித்தான் தருவார்களாம். எடுக்கலாமா? (சாவகச்சேரி)

ப: தங்கச்சி, அந்தப் பரலுக்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்டீர்களா? கடைக்காரருக்கே தெரியாது. உணவு எண்ணெயாக இருக்கலாம், அமிலமாகவும் இருக்கலாம். பிளாஸ்ரிக் தன்னிடம் இருந்ததை உறிஞ்சி வைத்திருக்கும், சவர்க்காரம் போட்டால் போய்விடாது. வெறும் மணத்தைப் பார்த்து முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள், எல்லா நஞ்சும் மணக்காது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கிறதே என்பார்கள். அது என்ன வகைப் பிளாஸ்ரிக் என்பதைத்தான் சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. நெல்லியோ புளிப்புச் சாமான், இருப்பதையெல்லாம் இழுத்தெடுக்கும். வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் நிரப்பி மரத்துக்கு ஊற்றுங்கள், அதற்கு மேல் அந்தப் பரலுக்கு வேலை இல்லை.

அப்புறம், காய்ச்சும் பானை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்ரீல் என்று கடையில் செய்து காட்டுவார்கள். எனக்கும் ஒருவர் அப்படிக் காட்டி, '304' என்ற நல்ல வகை ஸ்ரீல் என்று சொல்லித்தான் ஒரு பானையைத் தலையில் கட்டினார். காந்தம் ஒட்டவில்லைதான். கைபிடி ஆணியைச் சுற்றித் துரு வந்தது. நிக்கல் குறைந்த 201 வகையிலும் காந்தம் ஒட்டாது, அவ்வளவுதான் விசயம். வாயால் சொன்ன 304ஐப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை.

கே: மாமி ரொறன்ரோவில் இருந்து மின்சாரக் கொதிபானை கொண்டுவந்தார். 120 வோல்ற், 1500 வாற். பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா? (மானிப்பாய்)

ப: நல்ல காலம், செருகுவதற்கு முன் கேட்டீர்கள். எங்கள் 230 வோல்ற்றில் அது கிட்டத்தட்ட நாலு மடங்கு மின்சக்தியை இழுத்து எரிந்துபோகும். அதைத் தாங்கும் மின்மாற்றியின் விலைக்கு இங்கேயே ஒரு கொதிபானை வாங்கலாம். மாமியிடம் அடுத்த முறை துணி கொண்டுவரச் சொல்லுங்கள்.

கே: போத்தலுக்குச் சோடா மூடி அடிக்கும் கருவி ஒன்றை பேஸ்புக்கில் பார்த்து, வங்கியில் காசு போட்டேன். 26 மில்லிமீற்றர் என்றார்கள், வந்தது 29. எங்கள் போத்தலில் மூடி இறுகவில்லை. கேட்டதும் வற்ஸ்அப்பில் தடுத்துவிட்டார்கள். சேர்த்துவைத்த காசு, ஐயா. (சுன்னாகம்)

ப: உங்களில் பிழை இல்லை, தம்பி. அளவைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அந்த விளம்பரம், அவர்கள் '26' என்று எழுதிய செய்தி, இரண்டையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள், அழித்துவிடுவார்கள். வங்கிச் சிட்டையையும் கொரியர் உறையையும் எறிய வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், ஆனால் தொலைபேசியோடு நிற்காதீர்கள். முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும், அதுவும் பொருள் கிடைத்து மூன்று மாதத்துக்குள். காசு போன கணக்கு இலக்கத்தை அதில் எழுதுங்கள். ஆளின் பெயர் பொய்யாக இருந்தாலும் கணக்கு ஒருவருடையதுதானே.

கே: போன வருடம் வாங்கிய மின் தராசு பிழையாக நிறுக்கிறது. பற்றுச்சீட்டு இல்லை, பெட்டியை எரித்துவிட்டோம், கடையின் பெயரும் ஞாபகம் இல்லை. மாற்றித் தருவார்களா? (கோண்டாவில்)

ப: யார்?