பாதுகாப்பான மரப் பொம்மைகளைக் கட்டுப்படியாகும் விலையில் செய்து வாங்குவது எப்படி?

நான் சிறிய அளவில் மரப் பொம்மைகளை வடிவமைத்து, கட்டையைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் கடைசல் பட்டறைகளில் செய்து வாங்கி விற்பவன். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் அடுத்த மூச்சிலேயே "எங்கே கூலி குறைவு?" என்கிறார்கள். கடைசல்காரரின் கூலியில் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே அது குறைவுதான். செலவைக் குறைக்க ஆசைப்பட்டால் காகிதத்தில் படம் போடும்போதே குறைத்துவிட வேண்டும்.

கடைசல் எந்திரத்துக்கு உருண்டை வடிவம் என்றால் வெகு சுலபம். கிலுகிலுப்பை, பம்பரம், வளையம் அடுக்கும் கோபுரம், செப்புச் சாமான், சக்கரம் எல்லாம் அதில் சரசரவென்று இறங்கும். இணையத்தில் பார்த்த ஐரோப்பிய யானை ஒன்றின் படத்தை நீட்டினீர்கள் என்றால், பலகையை வாள் வைத்து அறுத்து, வளைவு வளைவாக உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். நேரம் அத்தனையும் அந்தத் தேய்ப்பில்தான் போகும். அதே யானைக்கு முட்டை வடிவ உடலும் உருண்டைத் தலையும் கொடுத்துப் பாருங்கள், விலை சட்டென்று இறங்கும். எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவுச் சக்கரம் வையுங்கள். பொம்மைகள் பலவும் ஒரே கனமுள்ள கட்டையிலிருந்து பிறக்கும்படி வரையுங்கள். கழிவு குறையும், ஒரு பொம்மை விற்காவிட்டாலும் சக்கரங்கள் அடுத்ததற்கு ஆகும்.

பாதுகாப்பும் இந்த வரைபடத்திலேயே தொடங்குகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில், கழன்று விழக்கூடிய எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் குழந்தையின் தொண்டையிலும் அடங்கும். அதனால் சக்கரத்தைத் தயங்காமல் பெரிதாக வையுங்கள். அச்சுக்கு ஆணி வேண்டாம், இறுக்கமாக ஏறும் மரக்குச்சியே போதும். ஒருமுறை கடைசல்காரரிடம் கிலுகிலுப்பையின் கைப்பிடியைக் காட்டி, "அண்ணாச்சி, இதை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கலாமா? பார்க்க அழகாக இருக்கும்" என்று கேட்டேன். "ஆக்கலாம் தம்பி. பிள்ளை தரையில் ஓங்கி அடித்தால் ஒடிந்து கூர்முனை நிற்கும், பரவாயில்லையா?" என்றார். எந்தத் தரநிலைக் கையேடும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அடுத்தது பூச்சு. மலிவும் பாதுகாப்பும் அபூர்வமாகக் கைகோக்கும் இடம் இது. பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கும் சன்னபட்டணாவிலும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் இந்த வேலையைப் பார்க்கலாம். கட்டை சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பற்றுகிறது. பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி போல மினுங்குகிறது. தூரிகை, தின்னர் எதுவும் கிடையாது. காயவைக்கும் நாட்களும் மிச்சம். எந்திரத்திலிருந்து கழற்றும்போதே பொம்மை தயார்.

ஆனால் அரக்கு நல்லது என்பதற்காக அதில் கலந்த நிறமும் நல்லதாகிவிடாது. பளிச்சென்ற மஞ்சள் நிறப் பொடிகளில் ஈய குரோமேட் என்ற நச்சு நிறமி இருக்கலாம். "இயற்கைச் சாயம்" என்றவுடன் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மளிகை மஞ்சள் தூளில் நிறத்துக்காகக் கலப்படம் செய்வதும் இதே ஈய குரோமேட்டைத்தான். ஆகவே ஆய்வகச் சோதனைக்குப் பணம் ஒதுக்குங்கள். பூச்சிலிருந்து கரைந்து வெளிவரும் ஈயம் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. ஒவ்வொரு நிறத்தையும் தனியாகச் சோதிப்பார்கள், கட்டணமும் அதற்கேற்ப ஏறும். எட்டு நிறம் பூசி அசத்துவதைவிட மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொள்வது லாபம். பூச்சே இல்லாமல் தேன்மெழுகு மட்டும் தடவிய பொம்மையும் நன்றாக விற்கிறது. எண்ணெய் பூசுவதாக இருந்தால் எதுவும் சேர்க்காத ஆளிவிதை எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். கடையில் "பாயில்டு" என்று கிடைப்பதில் சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைச் சேர்த்திருப்பார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை வெட்பாலைக்கு இணை இல்லை. வெளிர் நிறம், நெருக்கமான இழை, உளிக்கு இதம். சன்னபட்டணாவும் ஏட்டிகொப்பாகாவும் இதை வைத்துத்தான் வளர்ந்தன. ரப்பர் மரம் மலிவு. பால் வற்றியபின் எப்படியும் வெட்டப்போகும் மரம் என்பதால் மனச்சாட்சிக்கும் சௌகரியம். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு சிக்கல் உண்டு: பூச்சியும் பூஞ்சையும் அண்டாதிருக்கப் பலகைகளை போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஏற்றி எடுப்பார்கள். இவை இரண்டிலும் இருக்கும் போரானுக்கும் ஐரோப்பியப் பொம்மைத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. எனவே குழந்தை கடிக்கும் பொம்மைக்கு நான் ரப்பர் மரத்தைத் தொடுவதில்லை, வேம்பு வாங்கிவிடுவேன். எந்த மரமானாலும் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் கடைந்தது ஏசி அறைக்குள் போனதும் வெடிக்கும். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் படம் ஒட்டி "மரப் பொம்மை" என்று விற்பதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. பசையில் பார்மால்டிஹைடு, தண்ணீர் பட்டால் ஓரமெல்லாம் உப்பல்.

சட்டத்தைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மரப் பொம்மைக்கு ஐஎஸ் 9873 தரநிலை பொருந்தும். முத்திரைக்கான உரிமம், பொம்மை செய்கிற இடத்துக்குத்தான் தரப்படும், உங்கள் பிராண்டுக்கு அல்ல. எனவே பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போதே உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர்களே "செய்து விற்கும்" பொருளுக்கு என்பதே ஆணையின் வாசகம். அவர்களிடம் வாங்கி உங்கள் பெயரை ஒட்டி விற்றால் அந்த விலக்கு உங்களுக்கும் நீளும் என்று நினைத்துக்கொள்ளாமல், விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: "ஈரத் துணியால் துடைக்கவும், சானிடைசர் வேண்டாம்." அரக்கு ஆல்கஹாலில் கரையும். இந்த ஒரு வரி, திரும்பி வரும் பொம்மைகளைக் கணிசமாகக் குறைக்கும்.

பேரத்தைப் பற்றி ஒன்று. பட்டறைக்காரர் மரத்தையும் அரக்கையும் கடனுக்கு வாங்கினால் அந்த வட்டி உங்கள் விலையில்தான் ஏறும். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு விலை பேசிப் பாருங்கள். கறாராகப் பேசியும் இறங்காத விலை அங்கே இறங்கும். முதல் ஆர்டரை மழைக்காலத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் கட்டை காயாது.