மூளையில் கசிந்த ரத்தமும் இரும்பு மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

மூன்று வாரத்துக்கு முன் அப்பாவுக்குப் பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்கசிவு ஆகிவிட்டது. ஆபரேஷன் இல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் இடது கை இன்னும் வரவில்லை. ஹீமோகுளோபின் 8தான் இருக்கிறது என்று டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். ரத்தக்கசிவுக்குப் பிறகு மூளை செல்களைச் சாகடிப்பதே இரும்புதான் என்று எங்கோ படித்ததில் இருந்து மாத்திரையையும் முருங்கைக்கீரையையும் நிறுத்திவிட்டேன். செய்தது சரியா? பதிலாக வைட்டமின் ஈ கொடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்று. மாத்திரையை நிறுத்தியிருப்பதை இன்றைக்கே அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். நான் மருத்துவன் இல்லை, இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவன், அவ்வளவுதான். நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆனால் அது சொல்லும் இரும்பு வாய்வழியாகப் போனது இல்லை, கசிந்த ரத்தத்திலேயே இருந்தது.

கணக்குப் போட்டால் புரியும். ஆரோக்கியமானவர் ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. 30 மில்லி கசிந்தால் 15 மில்லிகிராம், அத்தனையும் ஒரே இடத்தில். நம் குடல் ஒரு நாள் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவதோ வழக்கமாக ஒன்றிரண்டு மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி புது ரத்த அணு செய்ய எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடும், வழியெல்லாம் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் பிடியில்தான் இருக்கும்.

அடிபட்ட இடம் கன்றிப்போய், அப்புறம் பச்சையாகி, மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். உறைந்த ரத்தத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஹீம் என்ற பகுதியை ஒரு நொதி உடைக்கிறது, பச்சை நிறம் பிலிவெர்டின், மஞ்சள் பிலிரூபின், கூடவே இரும்பும் வெளியே வருகிறது. தோலுக்கு அடியில் அதை அள்ளிக்கொள்ள ஆள் உண்டு. மூளைக்குள்ளும் இதேதான் நடக்கிறது, ஆனால் அங்கே அள்ளும் செல்கள் இவ்வளவு சுமையைத் தாங்குவதில்லை, உறைந்த ரத்தக் கட்டியைச் சுற்றிப் பல நாட்களுக்கு இரும்பு தேங்கி நிற்கிறது.

தேங்கிய இரும்பு என்ன செய்யும்? இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் எவ்வளவு மூர்க்கமாக ஆக்ஸிஜனேற்றம் நடக்கும் என்று 1894இலேயே கேம்பிரிட்ஜின் ஹென்றி ஃபென்டன் காட்டிவிட்டார். நம் செல்கள் மூச்சுவிடும்போதே பெராக்சைடு கொஞ்சம் உண்டாகும். இரும்பு அதைத் தொட்டால் ஹைட்ராக்சில் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துகள் (ஃப்ரீ ராடிக்கல்) பிறக்கிறது, அது பக்கத்தில் கிடைத்த கொழுப்பைத் தாக்க, அந்தக் கொழுப்பு அடுத்ததைத் தாக்க, செல் சவ்வே கிழிகிறது. மூளை செல்களின் சவ்வில் சீக்கிரம் ஆக்ஸிஜனேறும் கொழுப்பு ஏராளம், உடம்பின் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது வேறு. இப்படிச் செல் சாவதற்கு 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டாக்வெல் குழுவினர் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, இரும்பை உறிஞ்சி எடுத்துவிட்டால்? எனக்கும் இதில் பெரிய நம்பிக்கை இருந்தது. விலங்குச் சோதனைகள் அப்படி நம்ப வைத்தன. டெஃபெராக்சமின் என்ற மருந்தை, கசிவு ஏற்பட்ட முதல் நாளிலேயே தொடங்கி மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள், சுமார் 290 நோயாளிகள், முடிவு 2019இல் வந்தது. 90ஆம் நாளில் நன்றாகத் தேறியவர்கள் மருந்து எடுத்தவர்களில் 34 சதவீதம், எடுக்காதவர்களில் 33. அதற்கு முந்தைய சோதனையில் அளவைக் கூட்டியபோது நுரையீரல் சிக்கல் அதிகமாகி நிறுத்த வேண்டியதாயிற்று. மூளையில் இரும்பு சேரும் இன்னொரு நோயான பார்க்கின்சனில் இன்னும் மோசம், இரும்பை எடுக்கும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வில் மூளையில் இரும்பு குறைந்தது, நோய்க்குறிகள் கூடின. பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைத் தயாரிக்கவே இரும்பு வேண்டும், நரம்பைச் சுற்றும் மயலின் உறைக்கும் வேண்டும். எடுக்க வேண்டியது தவறான இடத்தில் கிடக்கும் இரும்பை மட்டும், அதைப் பிரித்து எடுக்க இன்னும் கைவரவில்லை.

ஆகவே மருந்து கொடுத்து இரும்பை எடுத்தே பலன் தெரியாத இடத்தில், முருங்கைக்கீரையை நிறுத்தி என்ன கிடைக்கப் போகிறது? 8 ஹீமோகுளோபினோடு பிசியோதெரபி செய்ய அப்பாவுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? தாராளமாகச் சமைத்துப் போடுங்கள்.

வைட்டமின் ஈ மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். 2010இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், வைட்டமின் ஈ மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு வகைப் பக்கவாதம் 22 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. ஒருமுறை கசிந்த மூளை அது. பிரஷர் மாத்திரை ஒருவேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலையும் மாலையும் பிரஷர் அளந்து ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.