கேளுங்கள், சொல்கிறேன்: பாய்காட் என்றொரு காரியஸ்தர்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் 'தேர்வை பாய்காட் பண்ணிட்டோம்' என்கிறாள். இந்த 'பாய்'க்கும் பையனுக்கும் தொடர்பு உண்டா? ஸ்டிரைக்கும் இதுவும் ஒன்றா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பையனும் இல்லை, 'காட்' என்கிற கட்டிலும் இல்லை. அது ஓர் ஆளின் பெயர். கேப்டன் சார்லஸ் பாய்காட், இங்கிலாந்துக்காரர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்ட். நம் பாஷையில் பண்ணைக் காரியஸ்தர். குத்தகை வசூலிப்பது அவர் வேலை.

1880இல் குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10க்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. அதே மாதம் எனிஸ் ஊர்க் கூட்டத்தில் அயர்லாந்துக் குடியானவர்களின் தலைவர் பார்னெல், 'வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எடுப்பவனை அடிக்காதீர்கள், ஒதுக்கி வையுங்கள்' என்று யோசனை சொல்லியிருந்தார். மேயோக்காரர்கள் அதைக் காரியஸ்தர் மீதே பிரயோகித்தார்கள். வேலைக்காரர்கள் போய்விட்டார்கள். கடைக்காரர் சாமான் தரவில்லை, கொல்லர் லாடம் அடிக்கவில்லை, துணி வெளுப்பவரும் வரவில்லை. தபால் கொண்டுவந்த பையனும் நின்றுவிட்டான். (உங்கள் 'பாய்' இந்தக் கதையில் தலைகாட்டும் இடம் இது ஒன்றுதான்!)

அறுவடைக்கு ஆளில்லை. பாய்காட் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வடக்கேயிருந்து 50 பேர் கிழங்கு தோண்ட வந்தார்கள். அவர்களைக் காக்க சுமார் ஆயிரம் சிப்பாய்களும் போலீஸும். 500 பவுன் பெறும் விளைச்சலுக்கு அரசாங்கத்துக்கு ஆன செலவு 10,000 பவுன் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! நவம்பர் கடைசியில் மனிதர் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்பினார், டிசம்பர் முதல் தேதி அயர்லாந்தை விட்டே போய்விட்டார்.

சொல்லைக் கண்டுபிடித்தது ஒரு பாதிரியார். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத், இந்த ஒதுக்கிவைப்புக்கு 'ஆஸ்ட்ரசிசம்' என்று எழுதலாமா என்று யோசித்தாராம். 'அது குடியானவர்களுக்குப் புரியாது. பாய்காட் பண்ணுவது என்றே சொல்லலாமே?' என்றாராம் ஜான் ஓ'மாலி பாதிரியார். ரெட்பாத் சொன்ன கதைதான். சீக்கிரமே பத்திரிகைகள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்கும் போய்விட்டது. பெரிய எழுத்தில் தொடங்கிய பெயர், சின்ன எழுத்து வினைச்சொல்லாகிவிட்டது.

சரி, ஸ்டிரைக்? நம் வேலையை நாமே நிறுத்தினால் அது ஸ்டிரைக். ஒருவரோடு அல்லது ஒன்றோடு உள்ள கொடுக்கல் வாங்கல், பங்கேற்பு எல்லாவற்றையும் அறுத்தால் பாய்காட். அந்நியத் துணியை வாங்காதது பாய்காட். மில் தொழிலாளி தறியை நிறுத்தியது ஸ்டிரைக். உங்கள் மகள் சொன்னது சரிதான். வக்கீல்களின் 'கோர்ட் பாய்காட்' மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் நாம் 'பகிஷ்காரம்' என்றோம், இப்போது 'புறக்கணிப்பு'. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தையே 'பணிப்பகிஷ்கரிப்பு' என்று எழுதுகின்றன. அங்கே உங்கள் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிட்டன.

ஆங்கிலத்தில் எழுதும்போது 'பாய்காட்' வினைக்குப் பின்னால் 'ஃப்ரம்' சேர்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் அதிகம் பார்க்கும் பிழை அதுதான்.